புகழ் வந்த பிறகு ஒரு பொருளைத் திருத்த விடுகிறோமா? கிட்டாரும் பைக்கும்

நரம்புக்கம்பி (சென்னை)

போன வாரம் ஒரே நாளில் இரண்டு எலெக்ட்ரிக் கிட்டார் என் மேசைக்கு வந்தன. ஒன்று அமெரிக்காவில் செய்தது, இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல். மற்றது இந்தோனேசியாவில் செய்தது, 18,000 ரூபாய். கம்பெனிப் பெயர் வேண்டாம். முதல் கிட்டாரின் சொந்தக்காரர் சொன்ன குறை இது: "நரம்பைச் சும்மா தட்டினால் சுருதி சேருது, ஈ மேஜர் பிடிச்சா கசக்குது." மூன்றாம் ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிதான் ஃப்ரெட்) நரம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கும் நரம்புக்கும் நடுவே எவ்வளவு சந்து இருக்கிறது என்று பார்த்தேன். ஒரு மெல்லிய தாள் நுழைந்தால் போதும். அதில் விசிட்டிங் கார்டே தாராளமாக நுழைந்தது. நட்டில், அதாவது தலைப்பக்கம் நரம்புகள் தங்கும் சிறு கட்டையில், வெட்டிய பள்ளங்கள் ஆழம் பற்றவில்லை. ஆறு பள்ளத்தையும் அரம் போட்டு இறக்க 40 நிமிடம் ஆனது. 18,000 ரூபாய்க் கிட்டார் நரம்பு மாற்றத்தான் வந்தது. அதன் நட்டில் கை வைக்க வேண்டிய தேவையே இல்லை.

ஒரு கிட்டாரை வைத்து ஒரு கம்பெனியை எடைபோட முடியாது, தெரியும். ஆனால் இது ரொம்ப நாளாக என் மனதில் ஓடும் ஒன்றைக் கிளறிவிட்டது.

ஃபெண்டர், கிப்சன், ஹார்லி டேவிட்சன். முதல் இரண்டும் அமெரிக்கக் கிட்டார் கம்பெனிகள், மூன்றாவது பைக் கம்பெனி. மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே ஜாதகம். 1965 ஜனவரியில் சிபிஎஸ் என்ற ஒலிபரப்புக் கம்பெனி 1.3 கோடி டாலருக்கு ஃபெண்டரை வாங்கியது. 1969ல் ஏஎம்எஃப் என்ற தொழில் நிறுவனம் ஹார்லியை வாங்கியது. கிப்சனும் அதே 1969ல் கைமாறி, பின்னால் நார்லின் என்ற பெயரில் இயங்கிய கூட்டு நிறுவனத்துக்குக் கீழே போனது. மூன்று இடத்திலும் எண்ணிக்கை கூடியது, வேலையின் நேர்த்தி குறைந்தது. அந்த நேரம் பார்த்து ஜப்பான்காரன் உள்ளே வந்தான். கடைசியில் மூன்றையும் தனிப்பட்ட ஆட்கள் மீட்டார்கள்: ஹார்லியை 1981ல் அதன் அதிகாரிகள் 13 பேர், ஃபெண்டரை 1985ல் அதன் ஊழியர்கள், கிப்சனை 1986ல் மூன்று முதலீட்டாளர்கள்.

இதெல்லாம் பலருக்குத் தெரிந்த கதை. எனக்கு உறுத்துவது அதற்குள் கிடக்கும் ஒரு சின்ன விஷயம்.

கிப்சன் லெஸ் பால் கிட்டாரின் தலை 17 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும். கழுத்தும் தலையும் ஒரே மகோகனிக் கட்டையில் அறுத்தது. சாய்வாக அறுக்கும்போது அந்த இடத்தில் மர இழை குறுக்கே ஓடிவிடுகிறது. போதாததற்கு ட்ரஸ் ராட் (கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பி) திருகுவதற்கான குழியும் அங்கேயே தோண்டியிருக்கிறது. கிட்டார் ஸ்டாண்டிலிருந்து சாய்ந்து விழுந்தால் முறிகிற இடம் அதுதான். உலகம் முழுக்க ரிப்பேர்காரர்கள் இதைச் சொல்வார்கள். அறுபதுகளின் நடுவில் சாய்வை 14 டிகிரியாகக் குறைத்தார்கள். 1970 வாக்கில் கழுத்தின் பின்புறம், சரியாக அந்தப் பலவீனமான இடத்தில், ஒரு மரப் புடைப்பு விட்டுச் செதுக்கினார்கள். வோல்யூட் என்பார்கள். இரண்டும் நல்ல பொறியியல். ஆனால் இந்த மாற்றங்கள் நார்லின் காலத்தோடு சேர்த்துப் பார்க்கப்பட்டதால், சேகரிப்பாளர்களுக்கு வோல்யூட் என்றாலே மட்டமான காலத்து முத்திரை ஆகிவிட்டது. இன்றைக்கு வரும் லெஸ் பால் ஸ்டாண்டர்டைப் பாருங்கள். மறுபடி 17 டிகிரி, வோல்யூட் கிடையாது.

முறியும் என்று தெரிந்த வடிவத்துக்குத் திரும்பிப் போனார்கள், நாம் கேட்டதால். ஒரு பொருளுக்குப் பெரும்புகழ் வந்துவிட்டால் அதன் குறையே அதன் அடையாளமாகிவிடுகிறது, பிறகு அதைச் சரிசெய்ய நாமே விடுவதில்லை. இதுதான் என் வாதம். பைக் பக்கம் எப்படி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

புல்லட்_பட்டறை (மதுரை)

நரம்புக்கம்பி சார், கிட்டார் பத்தி எனக்குத் தெரியாது. வண்டி பத்திச் சொல்றேன். 31 வருஷமா பட்டறை வச்சிருக்கேன்.

நீங்க தரம்னு எதைச் சொல்றீங்கன்னு முதல்ல முடிவு பண்ணணும். கம்பெனி கேட்டை விட்டு வெளிய வர்ற அன்னைக்கு உள்ள தரமா, இல்ல முப்பது வருஷம் கழிச்சு ஒரு கிராமத்து ரோட்டுல நிக்கும்போது உள்ள தரமா?

ராயல் என்ஃபீல்டோட பழைய காஸ்ட் அயர்ன் எஞ்சின் புல்லட்டை எடுத்துக்குங்க. டாப்பெட் (வால்வு இடைவெளி) பார்க்கணும்னா சந்து அளக்கற ஃபீலர் கேஜ் வேண்டாம். எஞ்சின் ஆறியிருக்கணும், பிஸ்டன் மேல் முனையில நிக்கணும். பக்கத்து மூடியைக் கழட்டி, உள்ள தெரியற, வால்வைத் தள்ளற புஷ் ராடை ரெண்டு விரலால சுத்திப் பாருங்க. லேசாச் சுத்தணும், ஆனா மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான் அளவு. சுத்தலைன்னா இறுக்கம், ஆடினா லூசு. ரெண்டு ஸ்பேனர் போதும். இதை என் அப்பா எனக்கு விளக்கு வெளிச்சத்துல சொல்லிக் குடுத்தார், நான் என் பையனுக்குச் சொல்லிக் குடுத்தேன். அந்த எஞ்சினை வடிவமைச்சவனுக்கு ஒரு மதிப்பு இருக்கு. ரோட்டோரத்துல ஒரு மனுசன் கையில என்ன இருக்கும்னு யோசிச்சுச் செஞ்சிருக்கான்.

1955ல மெட்ராஸ்ல வேலை ஆரம்பிச்சது. இங்கிலாந்துல அந்தக் கம்பெனியே 1970ல இல்லாமப் போச்சு. திருவொற்றியூர்ல அதே எஞ்சின் அடிப்படையில அப்புறமும் நாப்பது வருஷம் கிட்ட ஓடுச்சு. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி. அத்தனை வருஷத்துக்கும் சாமான் கிடைச்சுது. வெறும் பெயருக்காக ஒரு வண்டி அத்தனை காலம் நிக்காது.

---

சிங்கிள்காயில் (கோவை)

அண்ணன் சொன்னது ஃபெண்டருக்கு அப்படியே பொருந்தும். லியோ ஃபெண்டர் கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். ரேடியோ திறந்து மூடுகிறவனுக்குத்தான் தெரியும், எது திறக்க எளிது எது திறக்கவே முடியாது என்று. 1950ல் அவர் கொண்டுவந்த கிட்டாரில் கழுத்தை ஒட்டவில்லை, நான்கு ஸ்குரூவில் முடுக்கினார். ஃப்ரெட் தேய்ந்தால் வேறு கழுத்து மாற்றிக்கொள்ளலாம் என்பது யோசனை. அன்றைக்குக் கிட்டார் செய்யும் பரம்பரைக் கைவினைஞர்கள் பார்வைக்கு அது பலகை வேலை.

கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் 1970ல் நாஷ்வில்லில் ஃபெண்டரின் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) கிட்டார்களை அள்ளி வாங்கி, மூன்றின் நல்ல பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கிக்கொண்டார். அதுதான் 2004 ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போன கறுப்புக் கிட்டார். பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டேவிட் கில்மர் வைத்திருந்த கறுப்பு ஸ்ட்ராட் 2019 ஏலத்தில் 39.75 லட்சம் டாலர். அது 1969ல் செய்தது, அதாவது எல்லோரும் திட்டும் சிபிஎஸ் காலத்தது. கழுத்தைப் பல தடவை மாற்றியிருக்கிறார், பிக்கப்பை (நரம்பின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) மாற்றியிருக்கிறார், உடம்பில் ஓட்டை போட்டு அடைத்திருக்கிறார். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1969ல் வுட்ஸ்டாக் இசைவிழா மேடையில் வாசித்த வெள்ளை ஸ்ட்ராட்டும் 1968ல் செய்தது, அதுவும் சிபிஎஸ் காலம்தான்.

"கெட்ட காலம்" என்று நாம் கோடு கிழிப்பதெல்லாம் பின்னால் வந்த வியாபாரிகள் கிழித்த கோடோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அந்தக் காலத்தில் நல்ல துண்டும் வந்தது, மோசமான துண்டும் வந்தது. கழுத்தை நான்கு ஸ்குரூவிலிருந்து மூன்றாக்கியது 1971 வாக்கில். அதை நான் நியாயப்படுத்தவில்லை, பொருத்தம் சரியில்லாத துண்டுகளில் கழுத்து பக்கவாட்டில் நகரும்.

---

ஆர்டி_பிரியன் (ஓசூர்)

புகழ் எப்போது வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். எண்பதுகளில் எஸ்கார்ட்ஸ் இங்கே விற்ற ராஜ்தூத் 350, யமஹா ஆர்டி 350ன் இந்திய வடிவம். இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். நம் ஊருக்கு வரும்போது சக்தியைக் குறைத்தார்கள். முதலில் வந்த ஹைடார்க் வகை 30.5 குதிரை, பின்னால் வந்த லோடார்க் 27. முன் சக்கரத்தில் டிஸ்க் இருந்த இடத்தில் டிரம் போட்டார்கள். அந்த வேகத்துக்கு அந்த பிரேக் போதாது. இதை நான் அந்த வண்டியை உயிராக நேசிப்பவனாகச் சொல்கிறேன். பெட்ரோல் குடிக்கும் என்று மக்கள் ஒதுங்கினார்கள், வண்டி தேங்கியது, பத்து வருடம்கூட நிற்கவில்லை. இன்றைக்கு நல்ல நிலையில் ஒன்று வேண்டுமென்றால் லட்சங்களில் பேச வேண்டும்.

அதே வண்டி. அன்றைக்கு வேண்டாதது, இன்றைக்குத் தெய்வம். இரும்பு மாறவில்லையே.

---

சிங்கிள்காயில் (கோவை)

ஆர்டி, லெஸ் பால் சன்பர்ஸ்டும் அச்சு அசல் இதே கதை. 1958, 59, 60 மூன்று வருடமும் சேர்த்து சுமார் 1,500தான் செய்தார்கள். விற்கவில்லை. 1961ல் அந்த வடிவத்தையே நிறுத்திவிட்டு, மெல்லிய உடம்பும் இரண்டு கொம்பும் வைத்து வேறு கிட்டார் கொண்டுவந்தார்கள். அறுபதுகளின் நடுவில் கிளாப்டனும் மைக் புளூம்ஃபீல்டும் பழைய லெஸ் பாலை, ஆம்ப்பை (ஒலிபெருக்கியை) முழுக்கத் திறந்து வாசித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1968ல் கிப்சன் மறுபடி லெஸ் பால் செய்ய ஆரம்பித்தது. இன்றைக்கு 1959 மாடல் ஒன்று சில லட்சம் டாலர்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கிப்சன் பொறியாளர் சேத் லவர் 1955ல் உருவாக்கிய ஹம்பக்கர் என்ற பிக்கப் அந்தக் கிட்டாரில் இருந்தது. எதிரெதிராகச் சுற்றிய இரண்டு காயில், இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். அது உண்மையான தரம். 1958லும் அது அங்கேதான் இருந்தது, கேட்க ஆள் இல்லை. ஆகவே புகழ் முழுக்க மாயை என்ற பக்கம் நான் போக மாட்டேன்.

---

வடமராட்சி (யாழ்ப்பாணம்)

எங்கட பக்கத்துக் கதையையும் சொல்லவேணும். ஜப்பானில தபால்காரருக்கெண்டு ஹொண்டா செய்த மோட்டச்சைக்கிள் எம்டி 90. பழசாகி இஞ்ச வந்து சேர்ந்தது. தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை, பெற்றோல் இல்லை. சனம் மண்ணெண்ணெயில ஓடினது. சின்னப் போத்தலில கொஞ்சம் பெற்றோல் வைச்சிருந்து, காபரேற்றருக்க விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறினாப்பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. புகை, மணம், பிளக்கில கரி. அப்பா பின்னேரம் பிளக்கைக் கழட்டி வயர் பிரஷால தேய்க்கிற சத்தம் இண்டைக்கும் என்ர காதில நிக்குது. அந்த எஞ்சினை அப்பிடி ஓடவெண்டு ஆரும் செய்யேல்லை. எண்டாலும் ஓடினது.

எங்களுக்கு எம்டி 90 ஒரு அடையாளம். அதைப் பெரிய பாட்டுக்காரர் ஆரும் ஓடிக் காட்டேல்லை, விளம்பரமும் இல்லை. அது கைவிடேல்லை, அவ்வளவுதான். புகழும் தரமும் ஒண்டாய்ப் போற இடமும் இருக்கெண்டு சொல்லத்தான் எழுதினன்.

---

புல்லட்_பட்டறை (மதுரை)

தம்பி, படிச்சிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்ல. உங்க அப்பாவுக்கு என் வணக்கம்.

---

வயலின்காரி (திருச்சி)

நான் கர்நாடக சங்கீதம் வாசிப்பவள். வெளியிலிருந்து ஒரு விஷயம்.

2010ல் அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் நகரில் வயலின் கலைஞர்கள் 21 பேரை ஒரு விடுதி அறையில் சோதித்தார்கள். மங்கலான வெளிச்சம், கண்ணில் கறுப்புக் கண்ணாடி. ஆறு வயலின்: மூன்று புதியவை, மற்ற மூன்றும் பழைய இத்தாலிய மேதைகள் செய்தவை, இரண்டு ஸ்ட்ராடிவேரியஸ், ஒன்று குவார்னேரி. எது எது என்று தெரியாமல் வாசித்துப் பார்த்துப் பிடித்ததைச் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் புதியதையே தேர்ந்தெடுத்தார்கள். எல்லாவற்றிலும் கடைசியாக வந்தது ஒரு ஸ்ட்ராடிவேரியஸ். 2014ல் வெளியான இன்னொரு சோதனையில் தனி வாசிப்பில் பேர்பெற்ற பத்துப் பேரில் ஆறு பேர் புதிய வயலினையே எடுத்தார்கள்.

இதைச் சொன்னால் எல்லோரும் "பார்த்தாயா, எல்லாம் பெயர்தான்" என்பார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. நரம்புக்கம்பி சார், புகழ் வந்த பொருளைத் திருத்த விடமாட்டோம் என்றீர்கள். ஸ்ட்ராடிவேரியஸைத் திருத்தியிருக்கிறார்களே! இன்று வாசிக்கப்படும் பழைய இத்தாலிய வயலின்களில் அநேகமாக எல்லாவற்றிலும் கழுத்து புதியது. பழைய கழுத்து குட்டை, சாய்வும் குறைவு. பெரிய அரங்குக்கு ஒலி போதவில்லை என்று 1800 வாக்கிலிருந்து கழுத்தை நீட்டிச் சாய்த்தார்கள். மேல்பலகைக்கு அடியில் ஒட்டியிருக்கும் பேஸ் பார் என்ற கட்டையை எடுத்துவிட்டுப் பெரிதாக வைத்தார்கள். சுருள் போன்ற தலையை மட்டும் பத்திரமாக அறுத்து எடுத்துப் புதுக் கழுத்தில் ஒட்டினார்கள். உலகத்திலேயே புகழ் மிக்க வாத்தியம் அது. அதற்கு இத்தனை அறுவைச் சிகிச்சை நடந்தும் அதன் பெயர் ஒரு துளி குறையவில்லை.

அப்படியென்றால் கிட்டாரில் ஒரு சிறு மரப் புடைப்பை ஏன் பொறுக்க மாட்டேன் என்கிறார்கள்? இதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா?

---

நரம்புக்கம்பி (சென்னை)

அக்கா, இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பட்டறையில் வேலை பார்க்கும்போதும் இதுதான்.

நீங்களே பதிலையும் எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "தலையை மட்டும் பத்திரமாக அறுத்து எடுத்துப் புதுக் கழுத்தில் ஒட்டினார்கள்." கண்ணுக்குத் தெரிவதை விட்டுவைத்தார்கள், தெரியாததை மாற்றினார்கள். பேஸ் பாரை யார் பார்க்கப் போகிறார்கள்?

இதை வைத்து மற்றதையெல்லாம் திரும்பப் பார்த்தேன். கிப்சன் 2015ல் தன் அமெரிக்கக் கிட்டார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தானே சுருதி சேர்க்கும் மோட்டார் முடுக்கிகளைப் பூட்டியது, நட்டை உயரம் மாற்றக்கூடிய பித்தளையாக்கியது, கழுத்தை அகலமாக்கியது, விலையையும் ஏற்றியது. நட் உயரத்தை முடுக்கி மாற்றலாம் என்பது, முதலில் சொன்ன அந்த 40 நிமிட வேலையை நினைத்தால், எனக்கு வரமாகப்பட வேண்டியது. ஆனால் கண்ணும் கையும் முதலில் தொடும் இடங்கள் எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் மாற்றினார்கள். வாங்க ஆளில்லை. 2016ல் பழைய வடிவத்தைத் தனி வரிசையாக மறுபடி கொண்டுவர வேண்டியதாயிற்று. வோல்யூட்டும் அப்படித்தான். கட்டை விரல் வந்து நிற்கும் இடத்தில் இருக்கிறது. வாசிக்கிறவன் ஒவ்வொரு முறையும் அதைத் தொடுகிறான்.

ஆகவே என் முதல் வாதத்தைத் திருத்திக்கொள்கிறேன். திருத்தவே விடமாட்டோம் என்பது சரியில்லை. தொடுகிற இடத்தையும் பார்க்கிற இடத்தையும்தான் விடமாட்டோம்.

---

ஆர்டி_பிரியன் (ஓசூர்)

இது ஹார்லிக்கு அப்படியே பொருந்துகிறது. சொந்தக்கார அதிகாரிகள் கைக்கு வந்த பிறகு, 1984 மாடலில் எவல்யூஷன் எஞ்சின் வந்தது. சிலிண்டரும் அலுமினியம் ஆனது, எண்ணெய்க் கசிவு பெரிதும் நின்றது. ஆனால் இரண்டு சிலிண்டரும் நிற்கும் 45 டிகிரி வி வடிவம் அப்படியே. இரண்டு கனெக்டிங் ராடும் ஒரே கிராங்க் பின்னில். அதனால்தான் 315 டிகிரிக்கு ஒரு வெடி, 405 டிகிரிக்கு ஒரு வெடி என்று அந்த நொண்டி நடைச் சத்தம். அதைத் தொடவில்லை. கம்பெனி பிழைத்தது.

2001ல் வி ராட் என்ற வண்டியைக் கொண்டுவந்தார்கள். போர்ஷேயோடு சேர்ந்து செய்த எஞ்சின், 60 டிகிரி, தண்ணீர்க் குளிர்ச்சி, சக்தி எக்கச்சக்கம். பொறியியலில் அந்தக் கம்பெனி அதுவரை விற்றதிலேயே மேலானது என்று நான் சொல்வேன். பழைய ரசிகர்கள் அதை வீட்டுப் பிள்ளையாக ஏற்கவே இல்லை. 2017ல் நிறுத்தினார்கள்.

இன்னொன்று, ஏஎம்எஃப் காலத்தை முழுக்கக் கரி பூச வேண்டாம். பென்சில்வேனியாவில் யார்க் நகரத் தொழிற்சாலை அவர்கள் பணத்தில்தான் 1973ல் வண்டி கட்ட ஆரம்பித்தது. அந்தப் பணம் வராமல் போயிருந்தால் மீட்பதற்கு ஒரு கம்பெனி மிஞ்சியிருக்குமா? அதேபோல 1983ல் ரீகன் அரசு 700 சிசிக்கு மேற்பட்ட இறக்குமதி வண்டிகளுக்கு வரியை 4.4 சதவீதத்திலிருந்து 49.4 சதவீதமாக ஏற்றியதையும் மறக்கக் கூடாது. புகழை மட்டும் வைத்து அவர்கள் தப்பவில்லை. அரசு ஐந்து வருடத்துக்கென்று குடை பிடித்தது, அந்த நேரத்தில் உற்பத்தி முறையை ஜப்பான்காரனைப் பார்த்தே மாற்றிக்கொண்டார்கள். 1987ல் வரி இனி வேண்டாம் என்று அவர்களே சொன்னார்கள்.

---

புல்லட்_பட்டறை (மதுரை)

நம்ம வண்டியிலயும் இது நடந்திருக்கு. இப்பத்தான் கோர்வையாப் புரியுது.

2009ல என்ஃபீல்டு கிளாசிக் வந்தப்ப யூசிஇ-ங்கற புது எஞ்சின். கியர்பாக்ஸும் எஞ்சினும் ஒரே கூட்டுக்குள்ள. பட்டறைக்கு வந்தவன் எல்லாம் "அண்ணே, அந்த டுப்பு டுப்பு சத்தம் போயிருச்சு"ன்னு அழுதான். 350ல போரும் ஸ்ட்ரோக்கும் அதே 70க்கு 90தான், மாறவே இல்ல. ஹைட்ராலிக் டாப்பெட் வந்துச்சு, அதனால டாப்பெட் தட்டற சத்தம் போச்சு. பாயிண்ட் போயி எலெக்ட்ரானிக் வந்துச்சு, சைலன்ஸரும் மாறுச்சு. நிறையப் பேர் சத்தம்னு நினைச்சதுல பாதி தேய்மானத்தோட சத்தம். நானும் அந்தச் சத்தத்தை நேசிச்சவன்தான், மறைக்க மாட்டேன்.

2021ல வந்த கிளாசிக்ல புஷ் ராடே கிடையாது, கேம் மேல போயிருச்சு. 72க்கு 85.8, 349 சிசி. உள்ள அதிர்வைத் தணிக்கத் தனி எடை சுத்துது. ஃப்ரேமும் புதுசு. ஆனா டேங்க், ஹெட்லைட் மேல இருக்கற ரெண்டு சின்ன லைட், சீட்டோட சாய்வு எல்லாம் அதே. எதிரும் புதிருமா யாரும் சண்டைக்கு வரல. 80ல போகும்போது கண்ணாடியில பின்னாடி வர்றவன் முகம் தெரியுது. பழசுல கண்ணாடி நடுங்கற நடுக்கத்துல லாரியா பஸ்ஸான்னே சொல்ல முடியாது.

ஒரு வருத்தம் மட்டும் இருக்கு. அந்த ரெண்டு விரல் சோதனை இதுல இல்ல. என் பையன் பேரனுக்கு எதைச் சொல்லிக் குடுப்பான்னு தெரியல. நல்ல வண்டி, அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல.

---

வயலின்காரி (திருச்சி)

புல்லட் அண்ணா, நீங்கள் விரலால் சுற்றிப் பார்ப்பதும் நான் வில்லை நரம்பில் வைத்து எடை பார்ப்பதும் ஒன்றுதான் என்று பட்டது. அந்த 21 பேர் சோதனையில் இதை யாரும் அளக்கவில்லை: இருபது வருடம் ஒரே வாத்தியத்தோடு வாழ்ந்தவளின் கை அந்த வாத்தியத்துக்கு எவ்வளவு பழகிவிட்டது என்பதை. அறைக்குள் சில நிமிடங்களில் பிடித்ததைச் சொல்வது ஒரு வகை உண்மை. அதுவே முழு உண்மை என்று நான் ஏற்க மாட்டேன்.

---

புதுக்கை (சேலம்)

எல்லோருக்கும் வணக்கம். மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கேள்வி கேட்டால் இழை திசைமாறிவிடுமோ என்று பயம், ஆனாலும் கேட்கிறேன். என்னிடம் 35,000 ரூபாய் இருக்கிறது. முதல் நல்ல எலெக்ட்ரிக் கிட்டார். பெரிய பெயர் தலையில் இருக்கும் மலிவு மாடல் ஒன்றும், அவ்வளவு பெயர் இல்லாத வேறு கம்பெனியின் கிட்டார் ஒன்றும் கடையில் இருக்கின்றன. வீட்டில் அப்பா பழைய பைக் ஒன்றும் பார்க்கிறார். பெயரைப் பார்க்காமல் பொருளைப் பார்ப்பது எப்படி என்று சொல்ல முடியுமா? கையில் எடுத்ததும் என்ன செய்ய வேண்டும்?

---

நரம்புக்கம்பி (சென்னை)

தம்பி, கேட்டது நல்லதாயிற்று. ஆம்ப்பில் சொருகும் முன்பே பாதி தெரிந்துவிடும்.

கழுத்தின் ஓரத்தில் விரலை மேலிருந்து கீழே ஓட்டு. ஃப்ரெட் முனைகள் முள்மாதிரி குத்துகிறதா? ஏசி அறையிலேயே கிடந்து மரம் காய்ந்து சுருங்கினால் உலோகம் வெளியே நீட்டிக்கொள்ளும். அரத்தால் சரிசெய்யலாம், ஆனால் அந்தக் கடை மரத்தை எப்படி வைத்திருக்கிறது என்று அது சொல்லிவிடும். அடுத்து, தடித்த நரம்பை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்து. நடுவே, ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம், ஒரு தாள் அளவு சந்து தெரிய வேண்டும். சந்தே இல்லையென்றாலும், நாணயம் நுழையும் அளவு இருந்தாலும், கடைக்காரரை ட்ரஸ் ராட் முடுக்கிக் காட்டச் சொல். முடுக்கினால் கழுத்து அசைகிறதா என்பதுதான் முக்கியம். அசைந்தால் பயமில்லை. அசையாத கழுத்தை வாங்காதே, தலையில் யார் பெயர் இருந்தாலும்.

பிறகு சுருதி சேர்த்துவிட்டு, மூன்றாவது நரம்பை நன்றாக இழுத்து வளைத்து விடு. சுருதி திரும்பி வருகிறதா பார். முடுக்கும்போது "டிங்" என்று சின்னச் சத்தம் வந்தால் நரம்பு நட்டில் மாட்டுகிறது. பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்தால் பல நேரம் சரியாகிவிடும். லட்சக்கணக்கில் விலையுள்ள கிட்டாருக்கும் நான் முதலில் இதைத்தான் செய்கிறேன். 12ஆம் ஃப்ரெட்டில் ஹார்மானிக்கும் (நரம்பை லேசாகத் தொட்டு எழுப்பும் ஸ்வரம்) அழுத்திய ஸ்வரமும் ஒன்றாக இருக்க வேண்டும். கடைசியாகத்தான் ஆம்ப். குமிழ்களைத் திருகு, கரகரப்பு வந்தால் தூசி, அது சின்ன விஷயம்.

கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் அதையும் இதையும் மாற்றி மாற்றி வாசி. அக்கா சொன்ன சோதனை உனக்கும் பயன்படும்.

---

சிங்கிள்காயில் (கோவை)

சிங்கிள் காயில் பிக்கப் என்றால் ஒன்று சேர்த்துக்கொள். கடையில் அமைதியாக இருக்கும். கல்யாண மண்டபத்தில் சீரியல் லைட் போட்டதும் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் முழுக்க உன் ஆம்ப்பில் முனகும். நான் எட்டு வருடம் அதோடு போராடிவிட்டு, பார்வைக்கு அதே வடிவம், உள்ளே இரண்டு காயில் அடுக்கிய பிக்கப்பாக மாற்றினேன். கூட வாசிக்கும் யாருக்கும் தெரியவில்லை. நரம்புக்கம்பி அண்ணன் சொன்ன "தெரியாத இடத்தில் திருத்துவது" இதுதான் போல.

---

புல்லட்_பட்டறை (மதுரை)

தம்பி, அப்பா பார்க்கற பைக்குக்கு: காலையில, வண்டிக்காரர் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி போங்க. முதல்ல எஞ்சின்ல கை வச்சுப் பாருங்க. சூடா இருந்தா, உங்களுக்காக ஏற்கெனவே ஓட்டி வச்சிருக்காங்கன்னு அர்த்தம், நாளைக்கு வர்றேன்னு சொல்லிட்டு வந்துருங்க. ஆறின எஞ்சின்தான் உண்மை பேசும். முன் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளுங்க. ஹேண்டில் கழுத்துல "டக்"குன்னு ஆடினா கோன்செட் (ஹேண்டில் பேரிங்) போயிருச்சு. ஆர்சியில உள்ள எஞ்சின் நம்பரும் வண்டியில உள்ள நம்பரும் ஒண்ணான்னு நீங்களே குனிஞ்சு பாருங்க, அவர் படிச்சுச் சொல்லக் கூடாது.

---

புதுக்கை (சேலம்)

இன்று கடைக்குப் போனேன். சொன்ன வரிசையிலேயே பார்த்தேன். பெரிய பெயர் கிட்டாரில் ஃப்ரெட் முனை அருமையாக இருந்தது, ஆனால் மூன்றாவது நரம்பு வளைத்தால் திரும்பவில்லை, டிங் என்றது. மற்றதில் சுருதி நின்றது, முனைகள் இரண்டு இடத்தில் குத்தின. கண்ணை மூடி வாசித்ததில் கை இரண்டாவதிடமே போனது. பென்சில் கரி தேய்த்தால் முதல் கிட்டாரும் சரியாகும் என்று தெரிந்தும் அதன் கழுத்து என் கைக்குத் தடிமனாக இருந்தது. இரண்டாவதை வாங்கிவிட்டேன். 29,500 ரூபாய்.

---

நரம்புக்கம்பி (சென்னை)

நல்லது தம்பி. குத்துகிற இரண்டு முனைக்கு அரம் வாங்கி நீயே முயலாதே, வார்னிஷ் போய்விடும். சென்னை வரும்போது கொண்டுவா. பழைய நரம்போடு வா, புதிதை நீ வந்த பிறகு போடுகிறேன்.